மளிகைக் கடை திறக்குமுன்: என்னென்ன உரிமம், எந்த வரிசையில்

2023 ஆவணியில் என் தங்கை வீட்டுக்காரர் மளிகைக் கடை திறந்தார். ஆடி பாதியிலேயே ரேக் அடித்தாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று, ஐயரைக் கேட்டு நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு என்னிடம் வந்து, "மச்சான், லைசென்ஸ் எல்லாம் ஒரு பத்து நாள்ல எடுத்துடலாம்ல?" என்றார்.

"என்னென்ன சரக்கு போடப் போறீங்க மாப்பிள்ளை?"

"மளிகைதான் மச்சான். எல்லாந்தான்."

அந்த "எல்லாந்தான்" என்பதில்தான் சிக்கலே. மளிகைக் கடைக்கென்று ஒற்றை லைசென்ஸ் எதுவும் கிடையாது. என்ன விற்கிறீர்கள், நாளைக்கு எவ்வளவுக்கு விற்கிறீர்கள், எத்தனை பேரை வேலைக்கு வைக்கிறீர்கள், கடை எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறது என்ற நான்கையும் வைத்துத்தான் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பது முடிவாகும். திண்டுக்கல் பக்கம் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையோடு அந்த ஒன்றரை மாதம் அலைந்ததில் எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பது எனக்கே இன்னும் தெளிவானது. தமிழ்நாட்டில் புதிதாகக் கடை போடுகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

போட நினைக்கும் சரக்கையெல்லாம் எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், சோப்பு என்று போகட்டும். எழுதும்போது ஐந்து விஷயங்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு வட்டம் போடுங்கள்: நீங்களே முன்கூட்டி எடைபோட்டுக் கட்டி வைக்கும் பாக்கெட்டுகள், ஐஸ்கிரீம், சிகரெட் வகையறா, தலைவலி காய்ச்சல் மாத்திரை, தீபாவளிப் பட்டாசு. இந்த ஐந்தும் தனித்தனிச் சட்டங்களை இழுத்துக்கொண்டு வருபவை. ஒவ்வொன்றும் எங்கே உரசும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே தாளின் கீழே ஒரு நாள் விற்பனை எவ்வளவு இருக்கும் என்று மனச்சாட்சியோடு ஒரு தொகை எழுதுங்கள். அதை 365-ஆல் பெருக்குங்கள். இது ஆண்டு விற்பனை, அதாவது டர்னோவர். லாபம் இல்லை, கல்லாவில் விழும் மொத்தப் பணம். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் லாபத்தை நினைத்துக்கொண்டு, "வருஷத்துக்கு மூணு லட்சம்தான் சார்" என்று படிவத்தில் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு 8,000 ரூபாய் ஓடும் சின்னக் கடைகூட வருடத்துக்கு 29 லட்சத்தைத் தாண்டும்.

இடமும் கதவு எண்ணும்

எந்த விண்ணப்பத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது கடை இருக்கும் இடத்துக்கான ஆதாரம். சொந்த இடமென்றால் சொத்து வரி ரசீது போதும். வாடகை என்றால் ஒப்பந்தம், உரிமையாளர் பெயரிலுள்ள சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இது வீட்டுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், கடைக்கும் உண்டு.

மாப்பிள்ளைக்கு இங்கேயே பதினோரு நாள் போனது. வாடகை ஒப்பந்தத்தில் கதவு எண் 14/3. மின் ரசீதில் 14 சி. சொத்து வரி ரசீதில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்த்து வேறொன்று. மூன்றும் ஒரே கட்டடம்தான், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஆன்லைனில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் தெருவுக்கு வரப்போவதில்லை. முகவரிச் சான்று பொருந்தவில்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சொத்து வரி ரசீதில் உள்ள எண்ணையே ஒப்பந்தத்தில் போட்டு, "மின் இணைப்பு இன்ன எண்ணில் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்து, ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதினோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த மூன்று தாளையும் மேசைமேல் விரித்து, எண்ணையும் பெயரின் எழுத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் "முத்துக்குமார்", பான் கார்டில் "முத்து குமார்" என்று இடைவெளி விட்டிருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

மின் இணைப்பு வீட்டுப் பிரிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டின் முன்அறையை இடித்துக் கடையாக்கிய இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி கடைக்குரிய மின் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். மாப்பிள்ளை கேட்டபோது வீட்டுக்கார அம்மா, "தம்பி, கடைனு மாத்தினா வீட்டு வரியும் ஏறிடுமே" என்று தயங்கினார். அவர் சொன்னதும் நியாயம்தான், ஏறத்தான் செய்யும். ஏறும் தொகையை யார் கட்டுவது என்று அன்றைக்கே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். பேசாமல் விட்டிருந்தால் கடை ஓடத் தொடங்கிய பிறகு அதுவே சண்டையாகியிருக்கும்.

உரிமையாளருக்குச் சொத்து வரி பாக்கி இருந்தால் உங்கள் தொழில் உரிமம் நகராட்சியில் நிற்கும். நடப்பு அரையாண்டு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு

சாப்பிடும் பொருள் எதை விற்றாலும், ஒரே ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவோ உரிமமோ வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம், பேச்சில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் என்போம். விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில்.

பதிவு வேறு, உரிமம் வேறு. நாங்கள் விண்ணப்பித்த 2023-ல் ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை என்றால் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம், சில்லறைக் கடைக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். இந்த வரம்பையும் கட்டணத்தையும் அரசு அவ்வப்போது மாற்றுவது வழக்கம். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முறை மட்டும் மாறாது: உண்மையான விற்பனையைப் போட்டு, அது எந்தப் பிரிவில் விழுகிறதோ அதை எடுக்கவேண்டும்.

அன்றைய 12 லட்சத்தை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தால் 3,300 ரூபாய்கூட வராது. கடைத்தெருவில் இருக்கும் எந்த மளிகைக் கடையும் அதைக் காலை பத்து மணிக்குள் தாண்டிவிடும். ஆனாலும் விண்ணப்பம் போட்டுத் தருகிற கம்ப்யூட்டர் சென்டரில் "நூறு ரூபாய்ப் பதிவே போதும் அண்ணே" என்று சொல்லிப் பதிவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் அப்போது. பிறகு ஜி.எஸ்.டி. கணக்கில் 35 லட்சம் காட்டியபோது இரண்டு காகிதமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. முதல் நாளே சரியான பிரிவில் போட்டுவிடுங்கள்.

பதிவுக்குப் புகைப்படம், அடையாளச் சான்று, கடை முகவரிச் சான்று இருந்தால் பெரும்பாலும் போதும். உரிமத்துக்குக் கடையின் அளவு காட்டும் வரைபடம் முதலானவையும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் தொழில் வகை கேட்குமிடத்தில் "சில்லறை விற்பனையாளர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூட்டையாக வாங்கி உங்கள் பெயர் போட்டுப் பாக்கெட் கட்டி விற்கப் போகிறீர்கள் என்றால் "ரீபேக்கர்" என்பதையும் சேர்க்கவேண்டும்.

கிடைப்பது 14 இலக்க எண். சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டவேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்கவேண்டும். பில் மெஷின் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி அதைப் பதித்துத் தரச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கு வருபவர் பார்ப்பது சான்றிதழை மட்டும் இல்லை. மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் இருக்கின்றனவா, பினாயிலும் மாவும் ஒரே தட்டில் இருக்கின்றனவா, தேதி முடிந்த சரக்கு தனியே எழுதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சமையல் எண்ணெயை டின்னிலிருந்து அளந்து ஊற்றி விற்கும் பழைய வழக்கத்துக்குத் தடை உண்டு. பாக்கெட், பாட்டில் எண்ணெயே போடுங்கள்.

நகராட்சி வாசலில் மூன்று ரசீது

சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்பாதவர்கள் குறைவு. சொத்து வரி கட்டடத்துக்கு, உரிமையாளர் கட்டுவது. தொழில் வரி தொழில் செய்கிற ஆளுக்கு, அரையாண்டுக்கு ஒருமுறை நீங்கள் கட்டுவது. தொழில் உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்ற அனுமதி. டிரேடு லைசென்ஸ் என்று கேட்டால் கவுன்டரில் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒருவர் தொழில் வரி ரசீதைக் கண்ணாடி போட்டு மாட்டி, அதையே உரிமம் என்று ஆறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். வங்கியில் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் உரிமம் தருவது இப்போது 2023-ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி நடக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் தொழிலின் வகைக்கும் கடையின் அளவுக்கும் ஊருக்கும் தகுந்தபடி மாறும். சுகாதார ஆய்வாளர் ஒருமுறை வந்து பார்க்கக்கூடும். உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதைக் கையில் வாங்கியவுடன் படியுங்கள். நிதியாண்டு முடிவோடு முடிகிற உரிமமாக இருந்தால், பிப்ரவரியில் எடுத்தவர் ஏப்ரலில் மறுபடி கட்டவேண்டி வரும். கடை ஊராட்சி எல்லையில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் செயலரைப் பார்த்து, உங்கள் தொழிலுக்கு அனுமதி தேவையா, என்ன கட்டணம் என்று கேட்டு, கட்டுவதற்கெல்லாம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.: ஐஸ்கிரீம் பெட்டி போடும் கணக்கு

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நாளைக்குச் சுமார் 11,000 ரூபாய். பக்கத்துப் புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம், எனவே அங்கே கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த 40 லட்சத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது, கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருட்கள் ஆகியவற்றை விற்பவருக்கு அந்த 40 லட்சச் சலுகை கிடையாது. அவருக்கு வரம்பு 20 லட்சம். நாளைக்கு 5,500 ரூபாய்கூட இல்லை. கோடைக்கு ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் ஃப்ரீசர் பெட்டி தருகிறேன் என்று வருவார். பெட்டி இலவசமாக வந்தாலும் அதோடு சேர்ந்து உங்கள் வரம்பும் இறங்கிவிடும். மாப்பிள்ளையின் கணக்கு வருடத்துக்கு 30 லட்சம். ஐஸ்கிரீமும் சிகரெட்டும் இல்லாமல் போனால் பதிவே வேண்டாம், போட்டால் முதல் வருடமே வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வர்ற தெரு மச்சான், ஐஸ்கிரீம் இல்லாம முடியாது" என்றார். அப்போதே பதிவு எடுத்தோம். சிகரெட்டை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டார். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

விற்பனையைக் கூட்டும்போது வரி இல்லாத சில்லறை அரிசி, காய்கறி, பால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கூட்டவேண்டும். ஒரே பான் எண்ணில் வேறு தொழில் இருந்தால் அதுவும் சேரும்.

பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. பான், ஆதார், புகைப்படம், இடத்துக்கான ஆதாரம் இவற்றோடு ஜி.எஸ்.டி. தளத்தில் விண்ணப்பிக்கவேண்டியதுதான். ஆதார் சரிபார்ப்புக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும். கொடுக்காவிட்டால் நேரில் ஆய்வு என்று நாள் போகும். கிடைக்கும் எண் 15 எழுத்து, தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கும். பதிவு கிடைத்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். பலர் மறக்கும் இடம் இது, மறந்தால் பதிவையே நிறுத்திவைப்பார்கள்.

விண்ணப்பத்திலேயே காம்போசிஷன் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆண்டுக்கு 1.5 கோடி வரை விற்கும் வியாபாரிகளுக்கான எளிய முறை இது. வரி விதிப்புக்குரிய விற்பனையில் 1 சதவீதம் காலாண்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டால் போதும். பில் பில்லாகக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. பதிலுக்கு வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம். பெயர்ப்பலகையிலும் பில்லிலும் காம்போசிஷன் வரிதாரர் என்று குறிப்பிடவேண்டும். தெருவுக்குள் வீட்டுக்கு வீடு சரக்குக் கொடுக்கும் மளிகைக் கடைக்கு இதுதான் நல்லது என்பது என் அனுபவம். ஓட்டல், ஹாஸ்டலுக்கு மொத்தமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் வரி பில் கேட்கக்கூடும். அப்போது வழக்கமான முறையே சரி.

தராசும் பொட்டலமும்

தராசுக்கு முத்திரை வைப்பது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் வேலை. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் இது நடக்கிறது. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும் சமையலறைத் தராசில் வியாபாரம் செய்யக் கூடாது. எடையளவு உரிமம் பெற்ற விற்பனையாளரிடம், முத்திரையோடும் சரிபார்ப்புச் சான்றிதழோடும் வாங்குங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, இரும்புப் படிக்கல்லுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை. சான்றிதழைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

தராசின் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூவைச் சுற்றிக் கம்பி போட்டு அதில் ஒரு சின்ன ஈயத்துண்டை அமுக்கியிருப்பார்கள். அதுதான் முத்திரை. சில வருடம் முன்பு என் தராசுக்குள் கரப்பான் புகுந்து டிஸ்ப்ளே மங்கிவிட்டது. மெக்கானிக் கம்பியை வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, ஒரு மணி நேரத்தில் தந்துவிட்டார். எடை கிராம் பிசகாமல் காட்டியது, நானும் வியாபாரத்தைத் தொடர்ந்தேன். மூன்று வாரம் கழித்து வந்த ஆய்வர் தராசைச் சாய்த்துப் பார்த்ததும், "ஈயம் எங்கே?" என்றார். சான்றிதழில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. அது செல்லாது, பழுது பார்த்த தராசுக்கு மறுபடி முத்திரை வைத்த பிறகே எடைபோடலாம். அபராதம் கட்டினேன். அதைவிட, கடையில் நின்ற பத்துப் பேர் முன்னால் என் தராசை எடுத்து ஓரமாக வைத்ததுதான் பெரிய வேதனை. அதற்குப் பிறகு முத்திரை வைத்த இரண்டாவது தராசு ஒன்றைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

இனி, முதலில் வட்டம் போட்ட பொட்டலத்துக்கு வருவோம். ராத்திரி கடை சாத்திய பிறகு உட்கார்ந்து துவரம்பருப்பைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி அடுக்கி வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். காலையில் கூட்டத்தைச் சமாளிக்க வேறு வழியில்லை. ஆனால் வாங்குபவர் எதிரில் இல்லாதபோது குறிப்பிட்ட எடைக்குக் கட்டி வைத்தால் சட்டத்தின் கண்ணில் அது "பொட்டலப் பொருள்". அதன்மேல் கட்டியவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதம், வருடம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, ஓர் அலகுக்கு என்ன விலை, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும். பொட்டலம் கட்டுபவர் என்று எடையளவுத் துறையில் தனியே பதியவும் வேண்டும். அதோடு, லேபிள் ஒட்டிக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதே பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி வாடிக்கையாளர் கண்ணெதிரில் நிறுத்துக் கொடுத்தால் வரியும் இல்லை, லேபிளும் இல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாதம் எதிரில் நிறுத்தே கொடுங்கள். கூட்ட நேரத்துக்கு ஓர் ஆளைக் கூடுதலாக வையுங்கள். உங்கள் பருப்புக்கு ஊரில் பெயர் வந்த பிறகு, பதிவு, லேபிள் எல்லாம் முறையாகச் செய்து பாக்கெட் போடலாம்.

கம்பெனி பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "கூலிங் சார்ஜ்" என்று தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் சேர்ப்பதும் இதில் அடக்கம்.

ஆட்களும் பெயர்ப்பலகையும்

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்தால் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் பதியவேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இது. பதிவு முறை 2018-ல் திருத்தத்தில் வந்து, 2024 ஜூலையில் நடைமுறையானது. தொழிலாளர் துறையின் தளத்தில் செய்யலாம். ஈ.எஸ்.ஐ.-க்கும் அதே பத்துப் பேர்தான் கோடு, பி.எஃப்.-க்கு இருபது. பத்துக்குக் குறைவாக இருந்தாலும் வாரத்துக்கு ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு, நாளுக்கு எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்ற விதிகள் பொருந்தும். 2021 திருத்தப்படி வேலையாட்கள் உட்கார இருக்கையும் வேண்டும். இரண்டு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். நாள் முழுக்க நிற்கிற பெண்ணின் கால் வீக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சட்டம் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. பதினான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் வேலைக்கு வைக்காதீர்கள்.

பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். ஃபிளெக்ஸ் அடிக்குமுன் இதை டிசைன் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணும் பலகையில் வரவேண்டும். எனவே எண் கைக்கு வந்த பிறகே பலகை அடியுங்கள். மாப்பிள்ளை அவசரப்பட்டு இரண்டு முறை அடித்தார்.

மீதமுள்ள வட்டங்கள்

மாத்திரை: ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது என்பதற்காக நீங்களும் தொங்கவிடாதீர்கள். பாராசிட்டமால் விற்கக்கூட மருந்து உரிமம் தேவை. சில வீட்டு மருந்துகளுக்கு மட்டும், அதுவும் ஆயிரம் பேருக்கு மிகாத சிற்றூர்களில், விலக்கு உண்டு. யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பதில் சொல்ல உங்களிடம் பார்மசிஸ்ட் கிடையாது.

சிகரெட்: பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக் கூடாது, அதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கவேண்டும். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் தடை, கடைக்குச் சீல் வைப்பார்கள். பட்டாசுக்கு வெடிபொருள் விதிகளின்கீழ் தற்காலிக உரிமம் வேண்டும். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். மளிகைச் சரக்கோடு எண்ணெய் டின் அடுக்கிய கடையில் வேண்டவே வேண்டாம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கு வகைக்குத் தடை. கைப்பை எத்தனை மைக்ரான் என்று பார்ப்பதே இல்லை, பிளாஸ்டிக் கைப்பை எல்லாமே அடங்கும். நகராட்சி ஆய்வுகளில் புதுக் கடைகள் முதலில் மாட்டுவது இதில்தான். பேப்பர் கவரும் துணிப்பையும் முதல் கொள்முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஃபைலும் வங்கியும்

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் சில நிமிட வேலை. 2021 ஜூலையிலிருந்து சில்லறை வியாபாரிகளுக்கும் உண்டு. வங்கிகள் முன்னுரிமைக் கடன் தர இதைப் பார்க்கும். தேடினால் முதலில் வருபவை பல தனியார் தளங்கள். அரசுச் சின்னம் போலவே ஏதோ ஒன்றைப் போட்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள். முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே விவரம் கொடுங்கள்.

கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க வங்கி பெரும்பாலும் தொழில் நடப்பதற்கு இரண்டு சான்று கேட்கும். ஜி.எஸ்.டி., தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புச் சான்று, உத்யம் இவற்றில் எவை இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆக வரிசை இப்படி அமையும்: வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு மாற்றம், உணவுப் பாதுகாப்பு, தொழில் உரிமம், தேவையென்றால் ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, தராசு, கடைசியாகப் பெயர்ப்பலகை. நடுவில் இருப்பவற்றை ஒரே வாரத்தில் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். கையில் 45 நாள் வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கல்லாவுக்குக் கீழே வையுங்கள். ஃபைலின் உள்அட்டையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, எது எந்தத் தேதியில் முடிகிறது, எந்த மொபைல் எண், எந்த மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தது என்று பேனாவால் எழுதுங்கள். விண்ணப்பம் போட்டுத் தந்த சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஓ.டி.பி. கேட்டு அவரைத் தேடி அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும், கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும்.

கடை ஓடத் தொடங்கி மூச்சுவிட நேரம் கிடைத்ததும் தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகுங்கள். வணிகவரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கடைக்காரர் இறந்துபோனால் குடும்பத்துக்கு உதவித் தொகை உண்டு, பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. மாப்பிள்ளை அந்தப் படிவத்தை நிரப்பியது ஐப்பசியில், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த மறுநாள். வாரிசு என்ற இடத்தில் என் தங்கையின் பெயரை எழுதி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவளுடைய ஆதாரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.